தெருவோரத்தில் ஓர் அமைச்சரவை

‘செயலற்ற வெளிப்புற அமைச்சரவை, பூட்டுடன், சாம்பல் நிறம்.’ இணையக் கடை ஒன்றின் தமிழ்ப் பக்கத்தில் இப்படி ஒரு சரக்கு விற்பனைக்கு இருக்கிறது. மலேசிய அரசாங்கம் உட்கார்ந்திருக்கும் புத்ராஜெயாவைக் கிண்டலடிக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கோலாலம்பூரில் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் லோங்காங் (சாக்கடை) ஓரமாக நெஞ்சுயரத்துக்கு நிற்குமே, வீடுகளுக்கு இணையம் கொண்டுபோகும் ஒளியிழை பிரிந்து போகும் இரும்புப் பெட்டி, அதைத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ‘கேபினட்’, மந்திரிகள் அவைக்கும் அதே பெயர். கீழே போனால் ‘அமைச்சரவைக் கதவின் தடிமன்’ உண்டு. ‘அமைச்சரவைக்குள் எலி நுழையாத வடிவமைப்பு’ கூட உண்டு. முதல் தடவை வாய்விட்டுச் சிரித்தேன். அடுக்குமாடி நிர்வாகம் ஒன்றின் அறிவிப்பிலும் அதே சொல் ஏறி, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டப்பட்டதைப் பார்த்த பிறகு சிரிப்பு போய் எரிச்சல் வந்துவிட்டது.

சொல்லின் வரலாறு சின்னது. கேபினட் என்றால் ஐரோப்பிய மொழிகளில் முதலில் சிறிய அறை, தனியறை. அங்கே அரசரோடு கூடிப் பேசிய ஆலோசகர்களுக்கும் அறையின் பெயரே ஒட்டிக்கொண்டது. விலையுள்ள பொருள்களைப் பூட்டி வைக்கும் இழுப்பறை மரச்சாமானுக்கும் அதே பெயர் போனது. ஆங்கிலம் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டது. மலாயும் ‘கபினெட்’ என்று அப்படியே எடுத்து மந்திரிகளுக்கும் சமையலறைச் சாமானுக்கும் பொதுவாக்கிவிட்டது. தமிழில் அப்படியில்லை. அமைச்சர்கள் கூடும் அவை அமைச்சரவை. ‘அமைச்சு’ குறளில் 64ஆவது அதிகாரம். அதற்குக் கதவும் கிடையாது, கீலும் கிடையாது. முன்னால் கிடைத்த அர்த்தத்தை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கு இது தெரியாமல் போகலாம். சரிபார்த்ததாகக் கூலி வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டாமா?

பெயர் வைக்கும் முன் பொருளை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஜாலான் ஈப்போ பக்கம் பழுது பார்க்க வந்த தம்பி ஒருவர் கதவைத் திறந்து வைத்திருந்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் மெல்லிய வடங்கள் சுருள் சுருளாகத் தொங்கின, ஒவ்வொன்றின் நுனியிலும் பச்சைத் தலை. நடுவில் பிரிப்பான்கள். ஓர் இழையில் வரும் ஒளியை 32 அல்லது 64 வீட்டுக்குப் பங்கு போடுகிற கண்ணாடிச் சமாசாரம் அது, மின்சாரமே கேட்காது. கதவு ரப்பரின் மடிப்பில் பல்லி முட்டை இரண்டு. தம்பி சிவப்பு ஒளி விளக்கை ஓர் இழையில் சொருகிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இந்தப் பெட்டியில கோளாறு இல்ல. கம்பத்துல ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதத்தான் பாக்கணும்” என்றார். பெட்டி, சின்னப் பெட்டி. சொல்லாக்கக் குழு எதுவும் கூடவில்லை.

இதே உருவத்தில் இன்னொரு வகை உண்டு. கண்காணிப்புக் கேமரா, போக்குவரத்து விளக்கு, ஆற்று நீர்மட்டம் பார்க்கும் உணரி ஆகியவை அனுப்பும் தகவலைத் தூரத்துத் தரவு மையம் வரை இழுக்காமல் அங்கேயே வாங்கி அலசும் கருவிகள் அதில் இருக்கும். இதற்கு மின்சாரம் வேண்டும், பாட்டரி வேண்டும், காற்றாடியோ குளிரூட்டியோ வேண்டும். ஈய அமில பாட்டரியின் ஆயுள் 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. கோலாலம்பூர் மத்தியான வெயிலில் மூடிய இரும்புக்குள் என்ன கதியென்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, மின்சாரம் கேட்பது ஒன்று, கேட்காதது ஒன்று. கேட்காததைத்தான் ‘செயலற்ற’ என்கிறார்கள். அதைப் படிக்கிறவர் கெட்டுப்போனது என்றே எடுத்துக்கொள்வார். ‘மின்சாரம் வேண்டாத’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ‘ஐ.பி.65’ என்ற குறியும் அதே பக்கத்தில் ‘இணைய நெறிமுறை 65’ ஆகியிருக்கிறது. அந்த எழுத்துகளுக்கும் இணையத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் பீய்ச்சியடிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவுதான்.

அமைச்சரவையை விரட்டுவது சுலபம். என் வழக்கு ‘பேழை’யோடு. தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், ‘ஒளியிழைப் பேழை’ என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். பேழை அழகான சொல், பழைய சொல், மறுக்கவில்லை. ஆனால் சொல்லுக்குப் பழக்கதோஷம் என்று ஒன்று உண்டு. இன்றைக்குப் பேழை என்றதும் நினைவுக்கு வருவது இரண்டு: நோவா விலங்குகளை ஏற்றியது, தலைவர்களின் உடலைக் கிடத்தும் சந்தனப் பேழை. ‘எங்கள் தெருமுனையில் பேழை ஒன்று திறந்து கிடக்கிறது’ என்று தொலைபேசியில் புகார் கொடுத்துப் பாருங்கள். போலீஸ்தான் வரும், இணையம் வராது.

அதோடு, பேழை என்றால் மேல்மூடியைத் தூக்குவதாகத்தான் மனத்தில் படம் விழுகிறது. தெருவில் இருப்பது நிமிர்ந்து நிற்கிறது, முன்பக்கம் கதவு. நண்பர் விடவில்லை. பெட்டி என்பது பொத்தாம்பொதுவானது, தீக்குச்சி வைப்பதும் பெட்டி, ரயிலில் ஏறுவதும் பெட்டி என்கிறார். நான் சொல்ல வந்ததும் அதுதானே! அறுபது எழுபது பேர் உட்கார்ந்து போகிற, பக்கவாட்டில் கதவு வைத்த ஒன்றையே பெட்டி என்று கூசாமல் சொல்கிறோம். முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்ததும் எது என்று பிள்ளைக்குக்கூடப் புரிகிறது. தீப்பெட்டியில் யாரும் பயணச்சீட்டோடு ஏறப் பார்த்ததில்லை.

அவருடைய அடுத்த அம்பு, பெட்டிக்கு வடமொழிச் சாயல் இருக்கிறதாம். மலாய்க்காரர்கள் இந்தச் சொல்லை நம்மிடமிருந்து ‘பெத்தி’ என்று வாங்கியபோது ஜாதகம் கேட்கவில்லை. வாங்கி, குளிர்பதனப் பெட்டியை ‘பெத்தி செஜுக்’ என்றார்கள், கடிதப் பெட்டியை ‘பெத்தி சூராட்’ என்றார்கள், வாக்குப் பெட்டியை ‘பெத்தி உண்டி’ என்றார்கள். பக்கத்து வீட்டுச் சமையலறை வரைக்கும் போய் உட்கார்ந்த சொல்லுக்கு நம் தெருவோரத்தில் நிற்கத் தகுதியில்லையா? கடையும் கப்பலும் போன வழியிலேயே போன சொல் அது. அதை ஒதுக்கிவிட்டு, யாரும் வாயால் சொல்லாத ஒன்றைத் தூய்மை என்ற பெயரில் கொண்டுவந்து நிறுத்துவது எனக்கு ஒத்துவரவில்லை.

பெட்டகம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது நகைக்கும் பத்திரத்துக்கும் ஆகும்.

அலமாரி போர்த்துகீசியர் விட்டுப்போனது, மலாயிலும் அல்மாரிதான். பிறமொழிச் சொல் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. இந்தப் பெட்டிகளுக்குள்ளே கருவிகளை வரிசையாகத் திருகி மாட்ட 19 அங்குல அகலத்தில் உலகப் பொதுவான இரும்புச் சட்டகம் ஒன்று உண்டு. அதையும் அலமாரி என்றே மொழிபெயர்க்கிறார்கள். விளைவு, ‘அலமாரியை அலமாரிக்குள் பொருத்தி இறுக்கவும்’ என்று ஒரு கையேட்டில் படித்தேன். மொழிபெயர்த்தவர் சட்டகத்தையும் பார்த்ததில்லை, பெட்டியையும் பார்த்ததில்லை. சொல்லுக்கு இத்தனை சென் என்று கணக்கு, வேலை நாளைக்கே வேண்டும் என்று நெருக்கடி. தெருவில் இறங்கி ஐந்து நிமிடம் பார்க்க யார் காசு கொடுப்பார்கள்? கொடுக்காத நிறுவனங்களையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

கடைசியாக ‘விளிம்பு’, ஆங்கில ‘எட்ஜ்’ என்பதன் நேர்பெயர்ப்பு. மின்கருவிகள் வைத்த இந்தப் பெட்டிகள் ‘விளிம்பு அமைச்சரவை’ என்ற பட்டத்தோடு வருகின்றன. சைபர்ஜெயாவில் தரவு மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் செந்தூல் விளிம்பாக இருக்கலாம். செந்தூல்காரருக்கு அது வீட்டு வாசல். தமிழில் விளிம்பு என்றால் பள்ளத்தின் ஓரம், இல்லாவிட்டால் விளிம்புநிலை மக்கள். பயனருக்குப் பக்கத்தில் இருப்பது என்பதே இங்கே கருத்து என்றால் ‘அண்மை’ இருக்கிறது, அண்மைக் கணிமை (கணிமை என்றால் கம்ப்யூட்டிங்) என்று சொல்லிப் பழகலாம். ‘விளிம்புக் கணிமை’ பொறியியல் கட்டுரைகளில் வேர்விட்டுவிட்டது என்பார்கள். இருக்கட்டும், கட்டுரையிலேயே இருக்கட்டும். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டும் தாளுக்கு அதுவும் வேண்டாம், இதுவும் வேண்டாம்.

நான் எழுதுவது தெருப்பெட்டி. இழை மட்டும் பிரிவதாக இருந்தால் ஒளியிழைத் தெருப்பெட்டி, மின்சாரம் உள்ளதென்றால் மின்கருவித் தெருப்பெட்டி, கம்பத்தில் ஏறிவிட்டால் கம்பப்பெட்டி. நண்பர் இன்னும் பேழையை விடவில்லை. போன வாரம் பிரிப்பானுக்கு ‘ஒளிப்பகுப்பி’ என்று புதிதாக ஒன்று அனுப்பியிருக்கிறார். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.