கடைக் கட்டடம் வாங்கும் முன்: கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை

திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ ஒரு கடைக் கட்டடம் விலைக்கு வந்தால், பேச்சு சதுர அடி விலையில்தான் தொடங்கும். புரோக்கர் அவசரப்படுத்துவார். அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் பலர் பத்திரத்தையே கேட்கிறார்கள். இந்த வரிசை தப்பு.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவு: நீங்கள் கேட்டால் விற்பவர் தன் கைவசமுள்ள பத்திரங்களை எல்லாம் காட்ட வேண்டும். அவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத முக்கியக் குறையை மறைக்கக் கூடாது. வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை, கிரயத் தேதி வரையிலான வரி பாக்கியும் அவர் தலையில்தான். ஆனால் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே தெரியக்கூடிய குறைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. நேரில் போய்ப் பார்க்காதவருக்குச் சட்டம் துணைக்கு வராது என்பதுதான் இதன் பொருள்.

நெல்லையில் முதலில் பார்க்க வேண்டியது வெள்ளத் தடம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆற்றையொட்டி ஒரு கடையைப் பார்க்கப் போனேன். சுவர் முழுக்கப் புதுப் பெயின்ட். ஷட்டர் ஓடும் தடத்தில் மட்டும் நெஞ்சு உயரத்துக்குத் துரு, அதற்கு மேலே சுத்தம். பக்கத்து டீக்கடையில், "அண்ணாச்சி, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டேன். "கல்லாப்பெட்டியே முங்கிப் போச்சுல்லா" என்றார். மீட்டர் பலகை எந்த உயரத்தில் இருக்கிறது, சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு முறையாவது மழை நாளில் போங்கள்; மொட்டை மாடி ஒழுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்தது, அனுமதி பெற்ற வரைபடம். அதன் நகலையும் ஒரு டேப்பையும் எடுத்துக்கொண்டு, தெரிந்த இன்ஜினீயரோடு கட்டடத்தைச் சுற்றுங்கள். வரைபடத்தில் வண்டி நிறுத்தும் இடம், நேரில் இரண்டு கடை. வரைபடத்தில் இரண்டு மாடி, நேரில் மூன்று. இப்படியும் இருக்கலாம். வீட்டுக்கு வாங்கிய அனுமதியில் கடை நடப்பதும் உண்டு. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, விதி மீறிய கட்டடத்தைப் பூட்டி சீல் வைக்க முடியும். நோட்டீஸ் வரும்போது உரிமையாளராக நிற்பது நீங்கள்தான். மின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்கிறதா, மாநகராட்சி சொத்து வரி ரசீதில் உள்ள அளவும் நேரில் உள்ள அளவும் ஒன்றா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் வில்லங்கம் இல்லை என்று வந்தால் மட்டும் போதாது. பதிவாகாத அடமானம், உயில், வாய்ப்பேச்சில் நடந்த பாகப்பிரிவினை எதுவும் அதில் வராது. அதனால் மூலப் பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். "நகல்தான் இருக்கு, அசல் அண்ணன்ட்ட இருக்கு" என்றால், அண்ணனைப் பார்க்கும்வரை பணம் கொடுக்க வேண்டாம்.

நெல்லை டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி வாங்குகிறவர்கள் கட்டடத்தோடு நின்றுவிடக் கூடாது. மேலே கட்டடம் ஒருவருடையது, அடிமனை கோயிலுடையது என்று இருக்கலாம். நகர நில அளவைப் பதிவேட்டில் யார் பெயர் என்று பாருங்கள். கோயில் நிலத்தை அறநிலையத்துறை ஆணையரின் அனுமதியில்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது.

வாடகைதாரர் இருந்தால் அவரிடம் நேராகவே பேசுங்கள். அனுபவத்தில் இருப்பவரின் உரிமை உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது. எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார், எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் அரசின் வாடகை அதிகார அமைப்பில் அது பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். அந்த அட்வான்ஸை விலையில் கழித்து, கிரயப் பத்திரத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் செலவு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். சொத்தின் மதிப்பு 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும்போதே அதற்குரிய பங்கைப் பிடித்துவிடுங்கள்.