மாநாட்டுக்குக் கிளம்பும் முன் மாசக் கணக்கு

கலைகளுக்கு நிதி தருவோர் கூடும் மாநாட்டுக்கு முதன்முறையாகப் போகவிருக்கும் இளம் சக ஊழியர் போன வாரம் என்னிடம் வந்தார். "மேடம், என்னெல்லாம் தயார் பண்ணிக்கணும்?" விசிட்டிங் கார்டு, ஆண்டறிக்கை, எந்த அமர்வில் யார் பேசுகிறார்கள் என்ற குறிப்பு என எல்லாம் வைத்திருந்தார். இன்னொரு தாளும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். நாம் பணம் தரும் ஒவ்வொரு குழுவுக்கும் எந்த மாசம் வேலை, எந்த மாசம் கை காலி, நம் பணம் எந்த மாசம் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கு.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்து வாத்தியார் ஒருவர். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூத்துப் பயிற்சி தர அவருடைய குழுவுக்கு நாங்கள் நிதி ஒதுக்கியிருந்தோம். ஒப்புதல், ஒப்பந்தம், வங்கி விவரம் எல்லாம் முடிந்து மார்ச் கடைசியில் பணம் போனது. ஒரு மாசம் கழித்துப் பார்க்கப் போனேன். திரௌபதி அம்மன் கோயில் வாசலில் பாரதக் கூத்து நடந்துகொண்டிருந்தது. பந்தலுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் துணி விரித்து, கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் அடுக்கியிருந்தன. பயிற்சி எப்படிப் போகிறது என்று கேட்டேன். கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் ராத்திரி ராத்திரி ஆட்டம்மா. பகல்ல தூங்கினாத்தான் மறுநா ஆட முடியும். இதே பணத்த ஐப்பசியில குடுத்திருந்தீங்கன்னா புள்ளைங்கள உக்கார வெச்சு அடவு போட்டிருப்பேன். இப்ப நான் ஆடறதா, கத்துக் குடுக்கறதா?"

என்னிடம் பதில் இல்லை. அந்தப் பயிற்சியை ஆறு மாசம் தள்ளிவைத்தோம். அதற்குள் சேர்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அந்த ஆண்டு மாநாட்டுக்குப் போனபோது மற்ற நிதியாளர்களிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: "உங்கள் பணம் எந்த மாசத்தில் கலைஞர் கைக்குப் போகிறது?" பெரும்பாலும் மார்ச் என்றார்கள். நம்மில் நிறையப் பேர் நிறுவனங்களின் சிஎஸ்ஆர் பணத்தை, அதாவது சமூகப் பொறுப்புக்காக அவை சட்டப்படி ஒதுக்கும் பணத்தை, கையாள்கிறோம். 2014 ஏப்ரல் முதல், 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை ஒதுக்கியாக வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் கலை, பண்பாடு, கைவினைக்கும் இடம் இருக்கிறது. ஆனால் மார்ச்சில் நிதியாண்டு முடிவதற்குள் செலவு காட்டிவிடும் அவசரத்தில் பணம் கடைசி இரண்டு வாரத்தில்தான் கிளம்புகிறது.

சட்டம் அப்படி அவசரப்படுத்தவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஒரு வேலையை 'தொடர் திட்டம்' என்று இயக்குநர் குழு முதலிலேயே ஏற்றுக்கொண்டால், தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டு வரை அதை நடத்தலாம். செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் அதற்கென உள்ள தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டால் போதும். ஐப்பசி மழைக்காலம் வரை பணம் பத்திரமாகக் காத்திருக்கும். மாநாட்டில் இதைக் கணக்கு அதிகாரிகளிடம் பேசுங்கள். கலைப் பிரிவில் இருப்பவர்கள் உடனே தலையாட்டுவார்கள், ஆனால் கையெழுத்து கணக்குப் பிரிவில் இருக்கிறது. அமர்வுகளை விட மதியச் சாப்பாட்டு மேசையில்தான் அவர்களைப் பிடிக்க முடியும்.

கிளம்பும் முன் இன்னும் சில விதிகளைத் தெரிந்துகொள்வது நல்லது. விளம்பரப் பலனுக்காகத் தரும் ஸ்பான்சர் தொகை சிஎஸ்ஆர் கணக்கில் சேராது. மேடைக்குப் பின்னால் லோகோ கேட்கும் நிறுவனத்திடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தனிக் கலைஞருக்கு நேரே தருவதும் சிக்கல். நிறுவனம் தானே திட்டத்தை நடத்தாவிட்டால், பதிவு பெற்ற அறக்கட்டளை, சங்கம் போன்ற அமைப்பு வழியாகத்தான் நடக்க வேண்டும், அந்த அமைப்பு சிஎஸ்ஆர்-1 என்ற பதிவுப் படிவம் தாக்கல் செய்திருக்க வேண்டும். கூத்துக் குழுக்களில் பலவற்றுக்குப் பான் கார்டு எடுப்பதே பெரிய வேலை. இந்தக் காகித வேலைக்கு ஆள் வைத்து உதவுவதும் கலைக்குச் செய்யும் செலவுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெளிநாட்டு மாநாடு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 'கிராண்ட்மேக்கர்ஸ் இன் தி ஆர்ட்ஸ்' என்ற நிதியாளர் சங்கம் இருக்கிறது. அரசுக் கலை மன்றங்களின் உலகக் கூட்டமைப்பு நடத்தும் உச்சி மாநாடு 2023இல் ஸ்டாக்ஹோமிலும் 2025இல் சியோலிலும் நடந்தது. இப்படிப்பட்ட இடத்தில் யாராவது அன்போடு, "நாங்கள் உங்களுக்குத் தருகிறோம், நீங்கள் சிறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுங்கள்" என்பார்கள். உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். வெளிநாட்டுப் பண வரவை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டம் 2020இல் திருத்தப்பட்ட பிறகு, வெளிநாட்டு நன்கொடையை வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவுக்கான வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. நான் ஒருமுறை இதை யோசிக்காமல் நம்பிக்கை கொடுத்துவிட்டேன். பிறகு இரண்டு சிறு குழுக்களுக்குப் போன் போட்டு "முடியாதுங்க" என்று சொன்ன நாளை இன்னும் மறக்க முடியவில்லை.

மாநாட்டு மேடையில் ஆட, பாட அழைக்கப்படும் கலைஞர்களுக்குச் சம்பளம் உண்டா என்பதையும் அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நிதி தருபவர்கள் கூடும் இடத்தில் கலைஞர் சும்மா ஆடிவிட்டுப் போவது எனக்குப் பொறுக்காது. இரவுப் பயணம், சாப்பாடு, உடன் வரும் மிருதங்கக்காரர், முகவீணைக்காரர் எல்லாருக்கும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

திரும்பி வந்ததும் இரண்டு நாளை வேறு எந்த வேலையும் வைக்காமல் ஒதுக்குங்கள். கேட்டதை எழுதவும், சொன்ன வாக்குக்குக் கடிதம் போடவும் அந்த இரண்டு நாள் இல்லாவிட்டால் எல்லாம் கார்டுக் கட்டோடு மேசை டிராயருக்குள் போய்விடும்.

நான் அந்த ஒரே கேள்வியோடு போன மாநாட்டில் என் மாசக் கணக்குத் தாளை வாங்கிப் பார்த்த ஒரு கணக்கு அதிகாரி, "இத நான் போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். அடுத்த ஆண்டு அவர்கள் நிறுவனம் ஆவணியிலேயே ஒப்புதல் தந்தது. ஐப்பசியில் நல்ல மழை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பதினோரு பிள்ளைகள் வரிசையாக நிற்க, வாத்தியார் கையில் தாளத்தோடு முதல் அடவை ஆரம்பித்தார்.