அடக்கவிலையில் விலைக்கு என்ன வேலை?

கணக்குப் பார்க்கிற இடங்களில் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழும் சொல் காஸ்ட். ‘காஸ்ட் என்ன வருது?’, ‘காஸ்ட்டிங் போட்டாச்சா?’, ‘இது நம்ம காஸ்ட்டுக்கே கீழ போகுதே’ என்று பேச்சு தடங்கலில்லாமல் ஓடும். அதையே தமிழில் எழுத உட்கார்ந்தால் பேனா நின்றுவிடும். ஒருவர் செலவு என்று எழுதுவார். தமிழ்நாட்டுப் பாடநூல் அடக்கவிலை என்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல் கிரயம் என்கிறது. மூன்றையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். போட்டுப் பார்த்தால் கணக்கே மாறிவிடும்.

செலவிலிருந்து தொடங்குவோம். ‘செல்’ என்ற வினையில் பிறந்த சொல் அது. அக இலக்கணத்தில் தலைவன் பொருள் தேடிப் புறப்படுவது செலவு. புறப்பட நினைத்தவன் தயங்கி நிற்பது செலவழுங்குதல். அன்றைக்கு ஆள் புறப்பட்டதைச் சொன்ன சொல் பிறகு பணம் புறப்பட்டதையும் சொல்ல வந்தது. வருவது வரவு, செல்வது செலவு. குறளில் வரும் ஆகாறு, போகாறு என்ற இணையும் இதே காட்சிதான்: பணம் வரும் வழி, போகும் வழி. ஆக, செலவு என்ற சொல் பணம் கையை விட்டுப் போனதை மட்டும் சொல்கிறது. போன பணம் எங்கே போய்த் தங்கியது என்று அது சொல்லாது. சொல்ல வேண்டிய கடமையும் அதற்கு இல்லை.

ஆங்கிலத்தில் இதற்கு நேரானது எக்ஸ்பென்ஸ். லத்தீனில் எடைபோட்டுக் கொடுப்பது என்ற பொருளில் கிளைத்தது. வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்த காலத்தின் நினைவு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காஸ்ட்டின் வழி வேறு. லத்தீனில் ‘கான்ஸ்டாரே’, அதாவது சேர்ந்து நிற்றல். அங்கிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒரு பொருள் இன்ன தொகையில் வந்து நிற்கிறது என்பதுதான் உட்பொருள். நாமும் ‘எல்லாம் சேர்த்து எவ்வளவில் வந்து நிற்குது?’ என்று கேட்கிறோமே, அதேதான். எவரும் எவரிடமும் கடன் வாங்கவில்லை. கூட்டிக் கழித்துக் கடைசியில் ஓர் எண்ணைப் பார்க்கிறவருக்கு எந்த மொழியிலும் அப்படித்தான் தோன்றும்போல.

இந்த ‘சேர்ந்து நிற்பதை’ விடவும் நுட்பமான ஒரு சொல் தமிழில் இருக்கிறது. அதுதான் அடக்கம். அடங்கு, அடக்கு என்ற வினைகளின் பெயர். புலனடக்கம், நல்லடக்கம், உள்ளடக்கம், கைக்கு அடக்கமான பெட்டி என்று எங்கெங்கோ போய் வேலை செய்யும் சொல். எல்லாவற்றிலும் ஒன்று பொது: ஒன்றுக்குள் இன்னொன்று போய் அமைந்துவிடுகிறது. வணிகர் வாயில் ‘எனக்கு அடக்கமே இவ்வளவு ஆகுது’, ‘அடக்கத்துக்கே தர்றேன், எடுத்துக்கங்க’ என்று இது சர்வசாதாரணமாக வரும். பொருளுக்குள் போய் அடங்கிவிட்ட பணம் என்பதே அதன் கருத்து.

ஒரு மரப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். முக்காலி செய்ய அதை அறுக்கிறார்கள். வாங்கிய தொகை, ஏற்றி வந்த கூலி, இறக்கிய கூலி எல்லாம் பலகைக்குள் இருக்கின்றன. அறுக்கும்போது தூள் விழுகிறது, ஓரங்களில் துண்டு மிஞ்சுகிறது. அந்தத் தூளுக்கும் பணம் கொடுத்துத்தான் வாங்கினோம். அது யார் தலையில்? எவ்வளவு கவனமாக அறுத்தாலும் விழுந்தே தீரும் தூள் என்றால் அதன் தொகையும் முக்காலிக்குள் அடங்கும். கணக்கியல் இதை இயல்பான இழப்பு என்கிறது. ஒருவர் அளவைத் தப்பாக எடுத்து ஒரு முழுப் பலகையைக் கெடுத்துவிட்டால் அது அடங்காது. அசாதாரண இழப்பு என்று வெளியே எடுத்து வைத்து, அந்த மாதத்து நட்டமாக எழுதிவிட வேண்டும். சரக்கிருப்புக்கான பன்னாட்டுக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 2 சொல்வதும் இதுவே. வேலை தெரியாதவரின் தவறு முக்காலியின் அடக்கத்தை உயர்த்தக் கூடாது.

இப்போது செலவுக்கும் அடக்கத்துக்கும் உள்ள வேறுபாடு தானாகப் புலப்படும். பலகை வாங்கிய அன்றே பணம் சென்றுவிட்டது. ஆனாலும் கணக்கில் அன்றைக்கு அது செலவு ஆகாது. முக்காலிக்குள் அடங்கி, கிடங்கில் சொத்தாக உட்கார்ந்திருக்கும். முக்காலி விற்ற நாளில்தான் அந்தத் தொகை வெளியே வந்து, விற்ற பொருளின் அடக்கம் என்று இலாப நட்டக் கணக்கில் செலவாகும். அலுவலக நிர்வாகம், விளம்பரம் போன்றவற்றுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. எந்தக் காலத்துக்கு உரியவையோ அந்தக் காலத்திலேயே செலவாகிவிடும். பொருளோடு போகும் தொகை, காலத்தோடு போகும் தொகை என்ற இந்தப் பாகுபாட்டை விளக்கப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அடங்கியதா, அடங்காததா என்று கேட்டாலே முக்கால்வாசி முடிந்துவிடும்.

அப்படியானால் அடக்கவிலை என்ற கூட்டுச்சொல் சரிதானே? பாதி சரி. ‘வில்’ என்ற வினையிலிருந்து வந்தது விலை. விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொண்ட தொகை. வாங்கி விற்கும் வணிகருக்கு இந்தச் சொல் பொருந்தும். அவர் கணக்கில் சரக்கு, வண்டிக்கூலி, சுமைக்கூலி என்று எல்லாமே யாரோ ஒருவருக்குக் கொடுத்த விலைதான். உற்பத்தியில் அது உடைகிறது. எந்திரத்தின் தேய்மானம் யாருடைய விலை? இந்த மாதம் யாரும் அதை விற்கவில்லை, யாரும் வாங்கவில்லை. ஆண்டுகளில் பங்குபோட்டு நாமே எழுதிய எண் அது. சேவைக்கு வந்தால் இன்னும் மோசம். ‘ஆலோசனையின் அடக்கவிலை’ என்று எழுதிப் பாருங்கள், யாரோ ஆலோசனையை மூட்டை கட்டி வாங்கி வந்ததுபோல ஒலிக்கிறது. மேலும் தலைப்பில் விலை என்று நிற்பதாலேயே, படிப்பவர் அதை விற்பனை விலையோடு குழப்பிக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என் எழுத்தில் அடக்கம் என்று மட்டும் எழுதுகிறேன். இடம் தெளிவாக இல்லையென்றால் அடக்கச் செலவு.

கிரயம் பற்றி ஒரு வார்த்தை. வடமொழியில் அது வாங்குதலைக் குறிக்கும். இலங்கையில் உற்பத்திக் கிரயம், கிரயக் கணக்கீடு என்று கட்டுக்கோப்பாக வளர்ந்திருக்கிறது. அங்குள்ளோருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. தமிழ்நாட்டிலோ கிரயம் என்றாலே பத்திரப் பதிவுதான் நினைவுக்கு வரும். ஒரே சொல் அங்கே அடக்கம், இங்கே விற்பனை. இரு பக்கத்து வாசகருக்கும் சேர்த்து எழுதுகிறவர் முதல் முறை வரும் இடத்தில் இரண்டையும் சொல்லிவிடுவது நல்லது.

சொல்லை விட்டுக் கணக்குக்கு வந்தால், அடக்கத்தில் சண்டையே இல்லாத பகுதி நேரடி மூலப்பொருளும் நேரடிக் கூலியும்தான். பலகையை எண்ணலாம், தச்சரின் மணியைக் குறிக்கலாம். சண்டை எல்லாம் மூன்றாவதில்: வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், மின்சாரம், தேய்மானம். ஆங்கிலத்தில் ஓவர்ஹெட். அதை அப்படியே பெயர்த்து இலங்கையில் மேந்தலை என்றார்கள். முதலில் கேட்கும்போது சிரிப்பு வரும். பழகினால் ஒரு கம்பீரம் இருக்கிறது. தமிழ்நாட்டு வழக்கு மேற்செலவு. எதன் மேல் வருகிறது என்பதைச் சொல்வதால் எனக்கு இதுவே பிடித்தது.

இந்தச் சண்டை பழசு. இங்கிலாந்தின் மட்பாண்ட உற்பத்தியாளர் ஜோசையா வெட்ஜ்வுட் 1772-இல் தொழில் நெருக்கடியில் தம் கணக்குகளைப் பிரித்துப் பார்த்தார். அதிகம் செய்தாலும் குறைவாகச் செய்தாலும் சில செலவுகள் கடிகாரம்போல் தம்பாட்டுக்கு ஓடுகின்றன என்று கூட்டாளிக்கு எழுதினார். நிலையான செலவு, மாறும் செலவு என்று நாம் இன்று பிரிப்பதன் முளை அது. 1901-இல் அலெக்சாண்டர் ஹாமில்டன் சர்ச் என்ற பொறியாளர், மேற்செலவு முழுவதையும் கூலியின் விழுக்காடாகப் பூசுவது அபத்தம் என்று வாதாடினார். ஒவ்வோர் எந்திரத்தையும் ஒரு குட்டித் தொழிற்சாலையாகக் கருதி, ஓடிய மணிக்கு இவ்வளவு என்று ஏற்றச் சொன்னார். பூசுவது என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். எல்லாவற்றின் மேலும் ஒரே கனத்தில் பூசினால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

ஒரு பட்டறையில் மாதம் 180 முக்காலிகளும் 20 வேலைப்பாட்டு நாற்காலிகளும் செய்கிறார்கள். முக்காலிக்கு 1 மணி, நாற்காலிக்கு 6 மணி. மொத்தம் 180, 120 என்று 300 மணி. மேற்செலவு 9,000. மணிக்கு 30 என்று பூசினால் முக்காலிக்கு 30, நாற்காலிக்கு 180. கணக்கு சுத்தமாக இருக்கிறது, முடித்துவிடலாம் என்று தோன்றும். இப்போது பட்டறைக்குள் போய் நில்லுங்கள். அந்த 9,000-த்தில் 6,000 எந்திரத்தை நிறுத்தி, வார்ப்பு மாற்றி, அளவு சரிபார்க்கும் வேலைக்குப் போகிறது. மாதம் 15 முறை மாற்றுகிறார்கள். 12 முறை நாற்காலிக்காக, 3 முறை முக்காலிக்காக. ஒரு மாற்றத்துக்கு 400. நாற்காலிகள் 4,800-ஐ வாங்கிக்கொள்ளும், ஒன்றுக்கு 240. மிச்சமுள்ள 3,000-த்தை மணிக்கு 10 என்று போட்டால் ஒன்றுக்கு இன்னும் 60. ஆக நாற்காலிக்கு 300, முக்காலிக்கு ஏறக்குறைய 17. மொத்தம் அதே 9,000. ஆனால் இத்தனை நாளும் ஒவ்வொரு முக்காலியும் 13-ஐ நாற்காலிக்காகச் சுமந்திருக்கிறது. முக்காலி விலை அதிகம் என்று வாங்குபவர் போய்விடுகிறார். நாற்காலிக்கு ஆர்டர் குவிகிறது. வேலை நிறைய, கையில் காசு இல்லை.

கணக்கியல் பேராசிரியர்கள் ராபின் கூப்பரும் ராபர்ட் காப்லனும் 1980-களின் பிற்பகுதியில் பரப்பிய ஏபிசி (ஆக்டிவிட்டி பேஸ்டு காஸ்ட்டிங்) முறை இதுதான். செயல்வழி அடக்கம் என்று சொல்லலாம். பொருள் செயலை உண்கிறது, செயல் பணத்தை உண்கிறது.

சேவைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். முக்காலியைக் கிடங்கில் வைக்கலாம். நேற்றைய மணியை வைக்க முடியாது. அடங்குவதற்கு ஒரு பாத்திரமே இல்லை. அதனால் சேவையில் மணியையோ செய்து கொடுத்த பணியையோ பாத்திரமாக்குகிறோம். ஐந்து பேர் கொண்ட பழுதுபார்ப்புக் குழுவின் மாதச் செலவு 64,000 என்று கொள்வோம். தாளில் ஆளுக்கு 160 மணி, மொத்தம் 800. மணிக்கு 80 என்று ஒருவர் உடனே சொல்லிவிடுவார். இளைப்பாறல், பயிற்சி, கூட்டம் போக உண்மையில் வேலைக்குக் கிடைப்பது 640 மணி; மணிக்கு 100. இந்த மாதம் வந்த வேலையோ 480 மணிக்குத்தான், மணிக்கு 133. இந்த மூன்றில் எது அடக்கம்?

நான் 100 என்பேன். வேலை செய்த 480 மணிக்கு 48,000 அடங்கும். மிச்சம் 16,000 வேலையில்லாமல் கிடந்த திறனின் செலவு. வந்த வாடிக்கையாளருக்காக ஆன தொகை அல்ல. அதையும் அவர்மேல் ஏற்றி 133 கேட்டால் அடுத்த மாதம் அவரும் வரமாட்டார், அடக்கம் இன்னும் ஏறும். 2004-இல் காப்லனும் ஸ்டீவன் ஆண்டர்சனும் முன்வைத்த நேரவழி முறை இந்தக் கிடைக்கும் மணியையே அடிப்படையாகக் கொண்டது. பொருளுக்கும் ஐஏஎஸ் 2 இதே திசையில்தான் போகிறது: உற்பத்தி குறைந்த காலத்தில் மீந்த நிலையான மேற்செலவைச் சரக்குக்குள் திணிக்காதே, செலவாக எழுது என்கிறது.

உற்பத்தி மேற்செலவு முழுவதையும் பொருளுக்குள் சேர்க்கும் முறையை உறிஞ்சுதல், ஈர்த்தல் என்றெல்லாம் பெயர்க்கிறார்கள். முழு அடக்கம் என்றால் போதும். மாறும் செலவை மட்டும் சேர்த்தால் மாறும் அடக்கம். முழு அடக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நிலையான உற்பத்திச் செலவு 10,000. விற்பது 1,000 எண்ணிக்கை. 1,000 செய்தால் ஒன்றுக்கு 10, முழுதும் செலவாகும். 2,000 செய்தால் ஒன்றுக்கு 5. பாதி கிடங்கில் அடங்கிக்கொள்ளும். ஒன்றும் கூடுதலாக விற்காமலே இலாபம் 5,000 உயர்ந்து நிற்கும். 1936-இல் அமெரிக்காவில் ஜொனாதன் ஹாரிஸ் மாறும் அடக்க முறையை முன்வைத்து எழுதியதற்கு இந்த வகைக் கோளாறுதான் காரணம்.

ஒரு தனி ஆர்டரை ஏற்கலாமா என்ற கேள்விக்குத் தமிழில் வேறு சொல்லே இருக்கிறது: கட்டுப்படி. ‘இந்த விலைக்குக் கட்டுப்படியாகுமா?’ எந்திரம் சும்மா கிடக்கும் மாதத்தில், மாறும் செலவுக்கு மேல் எது வந்தாலும் கட்டுப்படியாகும். ஆண்டு முழுக்க அப்படியே ஓட்டினால் வாடகைக்கு ஆகாது, கட்டுப்படியாகாது. நோக்கத்துக்கு ஏற்ப அடக்கமும் வேறுபடும் என்று பொருளியலர் ஜான் மாரிஸ் கிளார்க் 1923-இல் எழுதியதை, அடக்கம் ஒரு சொல், கட்டுப்படி ஒரு சொல் என்று பேச்சுத்தமிழ் பிரித்தே வைத்திருக்கிறது.

இன்னும் இடறுவது காஸ்ட்டிங் என்ற தொழிற்பெயர். அடக்கவிலையியல் என்று எழுதினால் யாரும் வாய்விட்டுச் சொல்லப் போவதில்லை. அடக்கக் கணிப்பு எழுத்துக்கு ஒத்துவரும். பட்டறையில் அதுவும் வேண்டாம். ‘அடக்கம் போட்டுப் பாத்தியா?’ என்று கேட்டால் பலகைத் தூளிலிருந்து எந்திரம் மாற்றிய நேரம் வரைக்கும் எல்லாம் தாளில் வந்துவிடும்.