அந்த இலை மருந்தல்ல, மெல்லாதீர்கள்

இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை. வளர்ப்பறையைப் பார்க்க வந்த ஒருவர், நான் திரும்பி வெப்பநிலையைக் குறித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஏழாம் தட்டிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். படித்தவர், நல்ல பொறுப்பில் இருப்பவர். "இதில் தடுப்பூசிக்கான புரதம் இருக்கிறது என்றீர்களே, ஊசிக்குப் பதிலாக இதையே தின்றுவிட்டால் என்ன?" என்று மென்றபடியே கேட்டார். கசப்பில் முகம் சுருங்கியது. துப்பச் சொன்னேன். அதற்குள் விழுங்கிவிட்டார். பார்வையாளர்களைக் கண்ணாடிக்கு அப்பாலேயே நிறுத்துங்கள் என்று நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

செடிகளை உள்ளரங்கில் வளர்த்துப் புரதம் எடுக்கும் இடங்களில் தரக்கட்டுப்பாடு என் வேலை. எங்கள் தட்டுகளில் நிற்பது நிக்கோட்டியானா பெந்தாமியானா. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது, புகையிலைக்கு ஒன்றுவிட்ட தம்பி. வைரஸ்களை எதிர்ப்பதில் இது சோப்ளாங்கி; வெளியிலிருந்து வரும் மரபணுவையும் அதிகம் முரண்டு பிடிக்காமல் ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் உலகம் முழுவதும் ஆய்வகங்களில் இதற்கு இத்தனை மவுசு.

நாலைந்து வாரம் வளர்ந்த செடிகளைத் தட்டோடு தலைகீழாகக் கவிழ்த்து, எங்களுக்கு வேண்டிய புரதத்துக்கான மரபணுவைச் சுமக்கும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியம் கலந்த திரவத்தில் இலைகளை முக்குவோம். மூடிய தொட்டியில் காற்றை உறிஞ்சினால் இலைத்துளைகளிலிருந்து குமிழிகள் கொப்பளிக்கும். காற்றை மறுபடி உள்ளே விட்டதும் திரவம் இலைக்குள் ஏறிவிடும். வெளிர்பச்சை இலை கண்ணெதிரே கருத்து, நனைந்த துணிபோலத் தொங்கும். பிறகு உலர்ந்து நிமிர்ந்துகொள்ளும். இலை அந்தப் புரதத்தைத் தயாரிக்கும் அடுத்த ஐந்து முதல் ஏழு நாள்கள் அறையின் வெப்பநிலைதான் எங்களுக்குத் தெய்வம். 29 டிகிரியைத் தாண்டினால் பாக்டீரியம் மரபணுவைக் கடத்தும் வேலையில் தடுமாறும். அந்தத் தொகுதியே வீண். அறுவடைக்குப் பின் அரைத்தல், வடிகட்டல், குரோமட்டோகிராபி என்று பல படிகள் உண்டு. அவற்றை இங்கே விவரிக்கப்போவதில்லை.

விவரித்தே ஆகவேண்டியது வேறொன்று. புரதம் இலையில் இருக்கிறது என்றால் இலையே மருந்து என்ற எண்ணம். இது எப்படித்தான் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதோ! வயிற்றுக்குப் போகும் புரதம் வயிற்றமிலத்திலும் பெப்சின் என்ற செரிமான நொதியிலும் சிக்கித் துண்டு துண்டாகிவிடும். இன்சுலினும் புரதம்தான். அதை விழுங்கினால் போதுமென்றால் சர்க்கரை நோயாளிகள் ஏன் தினமும் ஊசி குத்திக்கொள்ளவேண்டும்? கோழி முட்டை நிறையப் புரதம் இருக்கிறது. அதைத் தின்று யாருக்கும் சிறகு முளைத்ததில்லை.

சரி, கொஞ்சம் தப்பிப் பிழைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு? இலையில் கரையும் புரதத்தில் பாதியளவை ஒளிச்சேர்க்கைக்கான ருபிஸ்கோ என்ற நொதியே அடைத்துக்கொள்கிறது. நாங்கள் தேடுவது அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரமாக நிற்பது. கிலோ இலைக்கு ஒரு கிராம் கிடைத்தால் அன்று எங்கள் முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம். ஒரே செடியில் மேலிலைக்கும் அடியிலைக்கும்கூட அளவு மாறும். அளவு தெரியாத ஒன்றை மருந்து என்று சொல்ல எனக்கு வாய் வராது. கூடவே அந்த இலையில் நிக்கோட்டின் இருக்கிறது. பாக்டீரியமும் இருக்கிறது.

ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், பச்சைச் சாற்றை நன்றாக வடிகட்டி ஊசியில் ஏற்றலாமா என்று கேட்டார். கூடவே கூடாது. அந்தப் பாக்டீரியத்தின் மேலுறையில் உள்ள நச்சு, இரத்தத்தில் கலந்தால் கடும் காய்ச்சலையும் அதிர்ச்சி நிலையையும் வரவழைக்கக்கூடிய வகையைச் சேர்ந்தது. சுத்திகரிப்புப் படிகளில் பாதி அதை விரட்டத்தான்.

இதில் எங்கள் துறைக்கும் பங்குண்டு, மறுக்கவில்லை. எந்தக் கையேட்டைத் திறந்தாலும் பச்சை இலையில் ஊசி குத்தியிருக்கும் படம். 1990களில் வாழைப்பழத்திலேயே தடுப்பு மருந்து என்று ஆசை காட்டியவர்களும் விஞ்ஞானிகள்தாம். 1998இல் வெளியான ஓர் ஆய்வில், மரபணு மாற்றிய உருளைக்கிழங்கைத் தன்னார்வலர்கள் பச்சையாகத் தின்றார்கள். அவர்கள் உடலில் எதிர்ப்புப் புரதம் உருவானதும் உண்மை. ஆனால் அந்தக் கிழங்கில் இருந்தது குடலிலேயே வேலை செய்யும் ஒரு குறிப்பிட்ட புரதம், எடைபோட்டுக் கொடுத்த கிழங்கு, மருத்துவர்கள் கண்காணிப்பு. தட்டிலிருந்து கிள்ளித் தின்பதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல.

சென்ற மாதம் ஒரு தாயிடமிருந்து கடிதம் வந்தது. மகனுக்குக் கோஷே நோய், ஒரு நொதி குறைவதால் உடலில் கொழுப்பு தேங்கும் பரம்பரை நோய். அதற்கான மருந்து கேரட்டிலிருந்து வருகிறது என்று எங்கோ படித்துவிட்டு, தினமும் இரண்டு வேளை கேரட் சாறு கொடுத்துவருகிறார். அவரிடம் எனக்குக் கோபமே வரவில்லை. படித்தது பொய்யுமல்ல. டாலிகுளுசிரேஸ் ஆல்ஃபா என்ற அந்த நொதிக்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செடியின் செல்லில் தயாராகி மனிதருக்குச் செலுத்த அங்கே அனுமதி பெற்ற முதல் புரத மருந்து அதுதான். ஆனால் அது கேரட் அல்ல, அம்மா. மனித நொதிக்கான மரபணுவைச் சேர்த்த கேரட் செல்களைப் பெரிய பிளாஸ்டிக் பைகளில் ஊட்டத் திரவத்தில் வளர்க்கிறார்கள். அவற்றிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த நொதியை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்தக்குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். சந்தையில் வாங்கும் கேரட்டில் அந்த நொதி துளியும் கிடையாது. சாறு கொடுங்கள், கண்ணுக்கு நல்லது. மருத்துவர் குறித்த நாளை மட்டும் தவறவிடாதீர்கள்.

"செடியிலிருந்து வருவதால் பக்கவிளைவே இருக்காது" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. செடிகள் தாம் செய்யும் புரதத்தின்மேல் சில சர்க்கரைகளை நம் உடலில் இல்லாத விதத்தில் ஒட்டிவைக்கும். சிலருடைய நோயெதிர்ப்பு அதை அந்நியன் என்று அடையாளம் காணலாம். அந்தச் சர்க்கரைகளை ஒட்டாத செடி வகைகளைத் தனியாக உருவாக்கியதே இதற்காகத்தான். எந்த ஒவ்வாமை இருந்தாலும் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அறைக்குள் வேலை செய்பவர்களிடம் மட்டும் நான் கெஞ்சுவதில்லை, திட்டுவேன். "நான்கு சுவருக்குள்தானே" என்ற அலட்சியம் வேண்டாம். அறுத்த தண்டையும் பிழிந்த சக்கையையும் உரக்குழியில் கொட்டாதீர்கள், ஆட்டுக்குப் போடாதீர்கள். ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவிக் கலனில், வேகவைத்த பிறகே வெளியே போகவேண்டும். எங்கள் முறையில் புது மரபணு விதைக்குள் போவதில்லை, ஆனால் இலைக்குள் இருக்கும் மாற்றிய பாக்டீரியம் உயிரோடு இருக்கிறது. பார்லி, நெல் என்று நிரந்தரமாக மரபணு மாற்றிய பயிரை வளர்க்கும் இடங்களில் விதையே ஆபத்து. கால்சட்டையின் மடிப்பை உதறிப் பாருங்கள், காலணியின் அடியைப் பாருங்கள். புகையிலை இன விதை என்றால் இன்னும் மோசம், ஒரு கிராமில் 10,000 அடங்கும் தூசி அது.

2002இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் நடந்தது நினைவிருக்கட்டும். மருந்துப் புரதத்துக்காகப் புரோடிஜீன் நிறுவனம் வயலில் வளர்த்த மக்காச்சோளத்தின் சிந்திய மணிகள், அடுத்த பருவத்தில் சோயா நடுவே முளைத்தன. 5 லட்சம் புஷல் (ஒரு புஷல் சோயா ஏறக்குறைய 27 கிலோ) சோயா அழிக்கப்பட்டது. அபராதம் மட்டும் இரண்டரை லட்சம் டாலர். அது திறந்த வயல்தான். ஆனால் சுவருக்குள்ளிருந்து மணியை வெளியே கொண்டுபோக ஒரு காலணி போதும்.

இலை தின்றவருக்கு மாலைவரை குமட்டல், அவ்வளவுதான். தலைவலி எனக்கு. எங்கள் கழிவுப் பதிவேட்டில் தட்டைவிட்டு வெளியேறும் ஒவ்வோர் இலைக்கும் கணக்கு எழுதியாகவேண்டும். 'சேர்ந்த இடம்' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஆட்டோகிளேவ், ஆட்டோகிளேவ் என்றே இருக்கும். ஏழாம் தட்டு, இலை ஒன்று என்ற வரியில் மட்டும் 'பார்வையாளர் வயிறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.