காலிபர்: சொல்லும் பொருளும், சிறிய குண்டில் பெரிய வேட்டையும்

காலிபர் என்பது ஓர் அகலத்தின் பெயர். துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தை, அல்லது அந்தக் குழலுக்குள் போகும் குண்டின் விட்டத்தை, அந்தச் சொல் குறிக்கிறது. ஆனால் பேச்சில் ‘பெரிய காலிபர்’ என்றால் பலம் கூடிய துப்பாக்கி, ‘சின்ன காலிபர்’ என்றால் பலம் குறைந்த துப்பாக்கி என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். மான், காட்டுப்பன்றி, கரடி, யானை போன்ற பெருவிலங்குகளைச் சிறிய காலிபரில் வேட்டையாடலாமா என்ற வாதம் நூறு வருஷமாகத் தீராமல் இழுப்பதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

ஆங்கிலம் இந்தச் சொல்லைப் பிரெஞ்சிலிருந்து எடுத்தது, பிரெஞ்சு இத்தாலியனிலிருந்து. அதற்கும் பின்னால் இருப்பது ‘காலிப்’ என்ற அரபுச் சொல். வார்ப்பு அச்சு என்று பொருள். அதுவே கிரேக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது சொல்லாய்வாளர்கள் பலரின் கருத்து: செருப்பு தைக்கும்போது தோலை மாட்டும் கால் வடிவ மரக்கட்டைக்கு அங்கே இதை ஒத்த ஒரு பெயர். பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் காலிப்பரை வைத்து உருளையின் விட்டம் அளந்திருப்பீர்கள். அந்தக் காலிப்பரும் இதே சொல்லின் இன்னொரு உருவம்தான். முதலில் குண்டின் விட்டத்தை அளக்கும் கவைக்கருவிக்கு அந்தப் பெயர் இருந்தது.

பீரங்கிக் குழலின் நீளத்தைச் சொல்லவும் காலிபர் பயன்படுகிறது. ஒருவரின் தகுதியைச் சொல்லும் ‘நல்ல காலிபர் உள்ள ஆள்’ என்ற வழக்கும் உண்டு. அவை இரண்டும் நமக்கு இங்கே வேண்டாம்.

சரி, எண்களுக்கு வருவோம். ‘பாயின்ட் டூ டூ’ என்றால் .22 அங்குலம், அதாவது சுமார் 5.6 மில்லிமீட்டர். ‘த்ரீ நாட் த்ரீ’ என்றால் .303 அங்குலம். ஆனால் த்ரீ நாட் த்ரீ குண்டை அளந்து பார்த்தால் .311 அங்குலம் இருக்கும். ரைபிள் குழலின் உட்சுவரில் சுருள் சுருளாக வரிப்பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள், குண்டு சுழன்றபடி வெளியேறி நேராகப் பறப்பதற்காக. மேட்டுக்கு மேடு அளந்தால் ஓர் எண், பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் இன்னொன்று. எதை அளந்து பெயர் வைப்பது என்பதில் எல்லாருக்கும் ஒரே வழக்கம் இருந்ததில்லை. அதனால் தோட்டாவின் பெயரில் வரும் எண்ணைக் கறாரான அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

.22 லாங் ரைபிள், .223 ரெமிங்டன் என்ற இரண்டு தோட்டாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குண்டுகளின் விட்டம் கிட்டத்தட்ட ஒன்றேதான். முதலாவதில் வழக்கமாக இருப்பது 2.6 கிராம் ஈயக் குண்டு. குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் ஏறக்குறைய 175 ஜூல். இரண்டாவதில் 3.6 கிராம் குண்டு, அதற்குப் பின்னால் வெடிமருந்து நிரம்பிய பெரிய உறை. ஆற்றல் 1,700 ஜூலைத் தொடும். விட்டம் ஒன்றாக இருந்தும் ஆற்றலில் பத்து மடங்கு வித்தியாசம். ‘.22 காலிபர்’ என்று மட்டும் சொன்னால் இதில் எதைச் சொல்கிறோம்?

ஒரு காலத்தில் விட்டமும் பலமும் சேர்ந்தே போயின என்பது உண்மை. கரிமருந்து என்னும் பழைய வெடிமருந்தால் குண்டை ஓர் அளவுக்கு மேல் விரட்ட முடியாது. அதனால் யானை வேட்டைக்காரர்கள் குண்டைப் பெரிதாக்கினார்கள். ஒரு பவுண்டு ஈயத்தில் நான்கே உருண்டைகள் வார்க்கும் ‘4 போர்’ (bore) துப்பாக்கியின் குண்டு 110 கிராமுக்கு மேல், விட்டம் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். 1884-இல் பிரான்சில் பால் வியெய் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்த பிறகு கணக்கு மாறியது. மெல்லிய, நீளமான குண்டை முன்னைவிட வெகு வேகமாக அனுப்ப முடிந்தது. 1890-களில் ‘சிறிய காலிபர்’ என்று பேசப்பட்டது .303! இன்று அந்தப் பெயரை .22-க்கு வைத்திருக்கிறோம்.

சிறிய காலிபருக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் முதலில் சொல்லும் பெயர் வால்டர் பெல். 1880-இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைத் தந்தத்துக்காகக் கொன்றவர்; அவற்றில் பெரும்பாலானவற்றை .275 ரிக்பி என்னும் 7 மில்லிமீட்டர் ரைபிளால். அந்த எண்ணிக்கையைப் படிக்கவே மனம் வலிக்கிறது. ஆனால் அவர் கையில் இருந்த குண்டைக் கூர்ந்து பார்த்தால் விஷயம் விளங்கும். உருளை போல நீண்ட 173 கிரெய்ன் குண்டு, அதாவது 11 கிராம், முழுக்க உலோக உறை போர்த்தியது. குண்டின் எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது குறுக்குவெட்டு அடர்த்தி. எவ்வளவு ஆழம் துளைக்கும் என்பதற்கு அது நல்ல அடையாளம். பெல்லின் குண்டுக்கு அது பவுண்டு, அங்குலக் கணக்கில் .306. யானை, எருமை வேட்டைக்குப் பேர்போன .375 ரைபிளின் 300 கிரெய்ன் குண்டுக்கு .305. துளைக்கும் விஷயத்தில் அது சின்னக் குண்டே இல்லை.

அப்புறம், பெல் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்தவர். தேன்கூடு போலக் காற்றறைகள் நிறைந்த அந்தப் பெரிய எலும்புக்குள் மூளை எங்கே ஒதுங்கியிருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து எந்தக் கோணத்தில் அதை எட்டலாம் என்று படித்து வைத்திருந்தார். அந்தப் படிப்பு துப்பாக்கியோடு சேர்ந்து கடையில் கிடைப்பதில்லை.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1953-இல் பெல்லா ட்வின் என்ற கிரீ இனப் பெண் .22 ரைபிளால் உலக சாதனை அளவுள்ள கிரிஸ்லி கரடி ஒன்றைக் கொன்றதும் உண்மைதான். மிக அருகிலிருந்து தலையின் பக்கவாட்டில் சுட்டார். விழுந்த பிறகும் திரும்பத் திரும்பச் சுட்டார். தற்காப்பில் நடந்ததை வேட்டைக்கு அளவுகோலாக்குவது தப்பு. குறி ஒரு விரற்கடை தவறினால் அந்த விலங்கு காயத்தோடு காட்டுக்குள் போய் நாள்கணக்கில் துடித்துச் சாகும். இந்த விவாதத்தில் நான் பெரிதாக நினைப்பது அதைத்தான்.

சட்டங்கள் இதைப் புரிந்தே எழுதப்பட்டிருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய மான்களுக்குக் குறைந்தது .240 அங்குல விட்டம் வேண்டும். கூடவே 1,700 அடி-பவுண்டு (சுமார் 2,300 ஜூல்) ஆற்றலும் வேண்டும். ஸ்காட்லாந்து விட்டத்தைக் கேட்பதே இல்லை. குண்டின் எடை, வேகம், ஆற்றல் ஆகியவற்றைத்தான் கேட்கிறது. உடம்பில் பட்டதும் மலர்ந்து விரியும் குண்டாக இருக்க வேண்டும் என்பதும் அங்கே கட்டாயம். போரில் அத்தகைய குண்டை 1899-ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் தடைசெய்தது. மான் வேட்டையிலோ விலங்கு சட்டென்று சாக வேண்டும் என்பதற்காக அதையே கேட்கிறார்கள்.

சரி, காலிபருக்குத் தமிழில் என்ன எழுதலாம்? துப்பாக்கியைச் சொல்லும்போது ‘குழல்விட்டம்’ பொருத்தமான சொல். குண்டை மட்டும் சொல்லும்போது ‘குண்டின் விட்டம்’ என்றாலே போதும். ‘துப்பாக்கியின் திறன்’, ‘தரம்’ என்றெல்லாம் எழுதுவது தவறு. மனிதரின் காலிபருக்குப் பொருந்தும் சொற்கள் அவை. ‘காலிபர்’ என்றே எழுதினாலும் குற்றமில்லை, ஈழத்தில் ‘கலிபர்’ என்பது நன்றாக ஊன்றிய வழக்கு. தோட்டாவின் பெயரோடு வரும் எண்ணை அப்படியே விட்டுவிட வேண்டும்; .303-ஐ மில்லிமீட்டருக்கு மாற்றினால் யாருக்கும் அடையாளம் தெரியாது. ‘ஸ்மால் காலிபர் ரைபிள்’ என்பதற்குச் ‘சிறுவிட்ட ரைபிள்’ எனலாம். தனித்தமிழ் வேண்டுவோர் ‘சிறுவிட்டச் சுரிகுழல் துப்பாக்கி’ என்று எழுதட்டும். ‘பிக் கேம்’ என்பதைப் ‘பெரிய விளையாட்டு’ ஆக்கிவிடாமல் ‘பெருவிலங்கு வேட்டை’ என்று எழுதினால் சரியாக இருக்கும். தோட்டா என்பது உறை, மருந்து, குண்டு மூன்றும் சேர்ந்தது. விலங்கின் உடலுக்குள் போவது குண்டு மட்டும். மொழிபெயர்ப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.