ஐம்பத்தேழு மீட்டருக்கு ஒரு மீட்டர்

பாறை இடுக்கில் ஒரு சின்ன டப்பா. உள்ளே ஒரு நோட்டு, ஒரு ரப்பர் முத்திரை. தேடி வருபவர் தன் முத்திரையை அந்த நோட்டில் குத்துவார், டப்பாவின் முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொள்வார், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். லெட்டர்பாக்ஸிங் என்ற இந்தத் தேடல் விளையாட்டில் பரிசு அவ்வளவுதான். 1854-ல் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், கிரான்மியர் பூல் என்ற இடத்தில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி வந்துபோகிறவர்கள் விசிட்டிங் கார்டு போட ஒரு பாட்டில் வைத்தார். விளையாட்டு அங்கிருந்து வளர்ந்தது. ஜிபிஎஸ் பார்த்துத் தேடும் ஜியோகேச்சிங் 2000-ல் பிறந்த தம்பி. லெட்டர்பாக்ஸிங்கில் செயற்கைக்கோளுக்கு வேலை இல்லை. காம்பஸும் காலும் கண்ணும் போதும்.

கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவிலோ குன்னூர் சிம்ஸ் பூங்காவிலோ வைப்பதானால் முதலில் தோட்டக்கலைத் துறையின் அனுமதி வேண்டும். டப்பா உள்ளே தெரிகிற மாதிரி இருக்கட்டும். அது என்ன என்று மேலே எழுதியும் ஒட்டுங்கள். பெயரில்லாத மூடிய டப்பா பொது இடத்தில் கிடந்தால் போலீஸ்தான் வரும். காப்புக்காட்டுப் பக்கம் போகவே வேண்டாம்.

குறிப்பு இப்படி இருக்கும்: "கல்படியின் மேல் நின்று 140 டிகிரியில் 20 மீட்டர் நட, இரட்டைப் பாறை வரும்." வட்டம் 360 டிகிரி, வடக்கு 0, கிழக்கு 90. ஆக 140 என்றால் தென்கிழக்குக்குக் கொஞ்சம் தெற்கே. மனதில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்றுதான்: ஒரு டிகிரி தவறினால் 57 மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் தள்ளிப் போவீர்கள். கையில் பிடித்துப் பார்க்கும் காம்பஸில் மூன்று டிகிரி தவறுவது சகஜம். அப்படியானால் 57 மீட்டர் நடந்த பிறகு இருபக்கமும் மூன்று மூன்று மீட்டர், மொத்தம் ஆறு மீட்டர் அகலத்துக்குத் துழாவ வேண்டும். பூச்செடிகள் நாசமாகிவிடும். 20 மீட்டரில் நிறுத்தினால் பக்கத்துக்கு ஒரு மீட்டர்தான். அதனால் நீண்ட தாவல் ஒன்றுக்குப் பதில் குட்டித் தாவல்கள் மூன்று நல்லது; ஒவ்வொன்றும் தவறவிடவே முடியாத ஒரு பொருளில் முடிய வேண்டும். அங்கே போய் நின்றதும் அதுவரை சேர்ந்த பிழை அழிந்துவிடும். பூப்பாத்தி, பெஞ்சு, குப்பைத்தொட்டி எல்லாம் இடம் மாறும். பாறையும் பெரிய மரமும் நிற்கும்.

முள் காட்டும் காந்த வடக்கும் வரைபடத்தின் உண்மை வடக்கும் ஒன்றல்ல. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் அந்தக் காந்த ஒதுக்கம் சுமார் 15 டிகிரி. கவனிக்காமல் 20 மீட்டர் நடந்தால் ஐந்து மீட்டர் போய்விடும். நம் மலைகளில் அது இரண்டு டிகிரி அளவுதான். ஒளித்தவரும் காம்பஸில் அளந்திருந்தால் அதுவும் கழிந்துவிடும். வேறொன்றுதான் தொல்லை தரும்: காந்த சரிவு. டார்ட்மூரில் முள்ளின் வடமுனையைப் பூமி சுமார் 65 டிகிரி கீழே இழுக்கிறது. அதைச் சமன்செய்ய ஐரோப்பியக் காம்பஸ்களில் தென்முனைப் பக்கம் கனம் கூட்டியிருப்பார்கள். முள் கீழே சாயாமல் படுக்கையாக நிற்கும் காந்த நடுக்கோடு கொடைக்கானலுக்குப் பக்கத்திலேயே போவதால் இங்கே அந்த இழுப்பு சொற்பம். வெளிநாட்டிலிருந்து வந்த காம்பஸ் தெற்கே சாய்ந்து கண்ணாடியில் உரசி நிற்பது இதனால்தான். காம்பஸை லேசாகச் சாய்த்து முள்ளை விடுவித்துப் பாருங்கள். இரும்பு வேலி, விளக்குக் கம்பத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் விலகி நில்லுங்கள். போன் காம்பஸ் என்றால் காந்த மூடியுள்ள உறையைக் கழற்றுங்கள்.

தூரத்தை "20 அடி" என்று எழுதவே எழுதாதீர்கள். ஒருவர் அளவுநாடா அடி என்று ஆறு மீட்டரில் நிற்பார், இன்னொருவர் காலடி என்று பதினாலு மீட்டர் போவார். மீட்டரிலேயே எழுதுங்கள். தேடுபவர் சமதரையில் 30 மீட்டர் நாடா பிடித்துத் தன் காலடி எத்தனை என்று ஒருமுறை எண்ணி வைத்துக்கொள்ளலாம். ஏற்றத்தில் காலடி குறுகும். சிம்ஸ் பூங்கா போலச் சரிந்த இடத்தில் அளவு சரிவோடா, வரைபடத்திலா என்றும் சொல்ல வேண்டும்: 20 டிகிரிச் சரிவில் நடந்த 50 மீட்டர், வரைபடத்தில் 47 மீட்டர்தான்.

இனி டப்பா. பல பெட்டிகள் சாவது திருட்டால் அல்ல, மூச்சால். மதியம் 20 டிகிரி, இரவு 5 டிகிரி என்று வையுங்கள். உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு சுருங்கும். ஒரு லிட்டர் டப்பா என்றால் 50 மில்லிலிட்டர் வெளியிலிருந்து உறிஞ்சப் பார்க்கும். மூடி விளிம்பில் காற்று இருந்தால் காற்று போகும். மழைநீர் தேங்கியிருந்தால் தண்ணீர் போகும். ஒரே இரவில் நோட்டு கூழாகிவிடும். உள்காற்றின் ஈரம் குளிர்ந்து வேர்ப்பதைப் பலர் குறை சொல்வார்கள். அது ஒரு லிட்டருக்குப் பத்து மில்லிகிராம், அரைச் சொட்டுகூட இல்லை. சிலிக்கா ஜெல் பொட்டலம் அதைப் பார்த்துக்கொள்ளும், தேங்கிய தண்ணீரை அல்ல. எனவே மண்ணில் புதைக்கக் கூடாது. பாறை விளிம்புக்குக் கீழே, வடிகிற இடத்தில், இரண்டு கற்கள் மேல் தூக்கி வையுங்கள். நாலுபக்கம் கிளிப்பும் ரப்பர் வளையமும் உள்ள டப்பாதான் சரி. எவர்சில்வர் டப்பா பார்க்க நன்றாக இருக்கும். மூடி காற்றைத் தடுக்காது. இன்னொன்று: மேட்டுப்பாளையத்தில் மூடி ஊட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். காட் ரோட்டில் சிப்ஸ் பாக்கெட் உப்புமே, அதே அழுத்தம்தான் ரப்பர் வளையத்தையும் தள்ளும். இடத்துக்குப் போய்த் திறந்து மூடுங்கள்.

முத்திரைக்குப் பெரிய அழிரப்பர் போதும். எழுத்தைத் தலைகீழாக யோசித்துச் செதுக்கினால் 'ந' எங்கே வளைகிறது என்று குழம்பிப்போகும். பட்டர் பேப்பரில் மெத்தென்ற பென்சிலால் நேராக எழுதி, எழுதிய பக்கம் ரப்பரில் படக் கவிழ்த்துத் தேயுங்கள். தானே கண்ணாடி பிம்பமாகப் பதியும். பென்சில் கோட்டை விட்டு மற்றதைப் பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் ஆழம் எடுங்கள். மை பேடைப் பெட்டியில் விடாதீர்கள், காயும் அல்லது ஒழுகும், வருபவர் கொண்டுவரட்டும். நோட்டில் எழுதவும் பென்சில்தான், ஜெல் பேனா எழுத்து ஈரம் பட்டதும் பரவிவிடும்.

சாப்பாடு இருந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்த வேண்டாம். வாசனை லேசாக இருந்தாலும் குரங்கு கிளிப்பைக் கடித்தே திறந்துவிடும்.