எதிர்காலத் தொடர்வினை: ‘வில் பி கோயிங்’ என்பதன் தமிழ்ப் பெயர்

பெங்களூர் அல்சூரில் நான் நடத்தும் மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வரும் பெண்களில் ஒருவர், ஆயத்த ஆடை ஆலையில் பேக்கிங் பிரிவைக் கவனிக்கிறார். மேலாளருக்குத் தான் அனுப்பிய வாட்ஸாப் செய்தியை ஒருநாள் என்னிடம் காட்டினார். ‘அட் ஃபைவ் ஐ வில் பி பேக்கிங்.’ அதைப் படித்த மேலாளர், ஐந்து மணிக்கு வேலை பாதியில்தான் இருக்கும் என்று எண்ணி லாரியை ஏழு மணிக்கு வரச் சொல்லிவிட்டார். இவரோ ஐந்துக்கெல்லாம் கடைசிப் பெட்டிக்கும் டேப் ஒட்டிவிட்டு இரண்டு மணி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். “நான் சரியாத்தானே எழுதினேன் அக்கா? அஞ்சு மணிக்கு பேக் பண்ணிட்டிருப்பேன்னுதானே அர்த்தம்?”

அவர் தமிழில் சொன்னது சரி. சிக்கல் அந்தப் ‘பண்ணிட்டிருப்பேன்’ என்ற சொல்லில் இருக்கிறது. அதற்குள் இரண்டு சொற்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று ‘பண்ணிக்கொண்டிருப்பேன்’: வேலை அப்போது நடந்துகொண்டிருக்கும். இன்னொன்று ‘பண்ணிவிட்டிருப்பேன்’: வேலை அதற்குள் முடிந்துபோயிருக்கும். எழுதும்போது இரண்டும் வேறு வேறு. பேச்சில், குறிப்பாகப் பெங்களூரில் நாம் பேசும் தமிழில், ‘கொண்டு’ம் ‘விட்டு’ம் தேய்ந்து ஒரே ‘ட்டு’ ஆகிவிடுகின்றன. மதுரைப் பக்கத்தார் ‘பண்ணிக்கிட்டிருப்பேன்’ என்று அந்தக் ‘கி’யை விடாமல் வைத்திருப்பதால் அவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. அந்தப் பெண் எழுதியிருக்க வேண்டியது ‘ஐ வில் ஹேவ் பேக்ட் எவ்ரிதிங் பை ஃபைவ்’. அவர் எழுதியதற்குத்தான் இலக்கணப் புத்தகத்தில் ‘ஃப்யூச்சர் கன்டினியூயஸ் டென்ஸ்’ என்று பெயர்.

அந்தப் பெயரைப் பிரித்துப் பார்க்கலாம். டென்ஸ் என்பது காலத்தைக் குறிக்கும் ‘டெம்புஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. டென்ஷன் வேறு, அது ‘இழு, நீட்டு’ என்ற பொருளுள்ள ‘டெண்டெரே’யிலிருந்து வந்தது. ஃப்யூச்சர், லத்தீனில் ‘ஃபுத்தூருஸ்’, அதாவது ‘இனி இருக்கப்போவது’. அதன் வேரும் சமஸ்கிருத ‘பூ’ என்னும் வினையின் வேரும் ஒன்றே. கன்னடப் பத்திரிகைகளில் நாம் தினமும் பார்க்கும் ‘தின பவிஷ்ய’வில் உள்ள பவிஷ்யம் அந்த வினையிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தின் ‘பி’யும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ‘வில்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘விரும்பு’ என்று பொருள்.

எனக்கு மிகவும் பிடித்தது கன்டினியூயஸ். அது ‘சேர்த்துப் பிடி’ என்ற பொருள் தரும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. ‘கோன்’ என்றால் சேர, ‘தெனேரே’ என்றால் பிடி. விட்டுப்போகாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பது தொடர்ச்சி. இப்போது நம் சொல்லைப் பாருங்கள். போய் + கொண்டு + இரு + ப்ப் + ஏன். நடுவில் இருக்கும் ‘கொள்’ என்பதற்கும் எடு, பிடி, தன்னிடம் வைத்துக்கொள் என்றுதான் பொருள். ஒன்றோடொன்று உறவே இல்லாத இரண்டு மொழிகள், ஒரு செயல் நீள்வதைச் சொல்வதற்குப் பிடித்துக்கொள்ளும் வினையைத் தேடிப் போயிருக்கின்றன. வகுப்பில் இதைச் சொன்னபோது பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, “அப்ப நம்ம கொண்டுதான் அவங்க ஐஎன்ஜியா?” என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

‘கொண்டிரு’வுக்கு முன்னால் தமிழில் இன்னொரு வழியும் இருந்தது. 13ஆம் நூற்றாண்டு நூலான நன்னூல், நிகழ்கால இடைநிலைகள் (வினையின் நடுவில் நின்று காலம் காட்டும் உறுப்புகள்) என்று ஆநின்று, கின்று, கிறு ஆகிய மூன்றைச் சொல்கிறது. ‘உண்ணாநின்றான்’ என்பதில் வரும் ‘நின்று’, நில் என்ற வினையேதான். உண்டபடி நின்றான், அதாவது உண்ணுதல் இன்னும் ஓயவில்லை. இன்று யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஆனால் செயலின் நீட்சியைக் காட்ட நிற்பதையும் இருப்பதையும் துணைக்கு அழைப்பது நமக்குப் பழைய பழக்கம் என்பது இதிலிருந்து தெரிகிறது. பக்கத்து வீட்டுக் கன்னடத்திலும் இதே ‘இரு’தான்: ‘நாளே ஈ ஹொத்திகே ஓதுத்தா இர்த்தீனி’, நாளை இந்நேரம் படித்துக்கொண்டிருப்பேன்.

தமிழில் இதற்கு என்ன பெயர் வைப்பது? ‘தொடர் எதிர்காலம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தொடர்வது காலமல்ல, செயல். ‘எதிர்காலத் தொடர்’ என்று சுருக்கினாலும் இடறுகிறது. நம் இலக்கணத்தில் தொடர் என்றால் சொற்றொடர் என்ற நினைப்புதான் முதலில் வரும். ‘எதிர்காலத் தொடர்வினை’ என்று வினையில் முடித்தால் எது தொடர்கிறது என்பதில் ஐயமே எழாது. வகுப்பில் நான் அதையே பயன்படுத்துகிறேன். எதிர் என்பதும் அழகான சொல். நம்மை நோக்கி முன்னால் வருகிற காலம் எதிர்காலம்.

‘கொண்டிரு’ வரும் இடத்தில் ஐஎன்ஜி போட்டால் பெரும்பாலும் சரியாக வரும். ‘ஐ வில் பி நோயிங் தி ஆன்சர் டுமாரோ’ என்று எழுதும் பிழையை இதை வைத்தே பிடித்துவிடலாம். நாளைக்கு எனக்கு விடை தெரியும் என்போம்; தெரிந்துகொண்டிருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மூன்று இடங்களில் இந்தக் கணக்கு தவறும்.

முதலாவது, உடையும் உடலின் நிலையும். முன்பின் பார்த்திராத ஒருவரை ஹலசூரு (அல்சூர்) மெட்ரோ வாசலில் சந்திக்க வேண்டும் என்று வையுங்கள். தமிழில் “நீலச் சட்டை போட்டிருப்பேன், படிக்கட்டுகிட்ட உட்கார்ந்திருப்பேன்” என்போம். ‘கொண்டு’ என்ற சொல் வரவே இல்லை. ஆங்கிலத்தில் ‘ஐ வில் பி வேரிங் எ ப்ளூ ஷர்ட்’, ‘ஐ வில் பி சிட்டிங் நியர் தி ஸ்டெப்ஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும். போட்டிருப்பேன் என்பதை அப்படியே ‘ஹேவ்’ ஆக்கினால் தவறு.

இரண்டாவது, ஏற்கெனவே அமைந்துவிட்ட காரியம். ‘ஐ வில் பி பாஸிங் யுவர் ஸ்ட்ரீட் டுமாரோ’ என்பதற்கு, கடந்துகொண்டிருப்பேன் என்று பொருள் சொன்னால் சிரிப்பு வரும். “எப்படியும் நாளைக்கு உங்க தெரு வழியாத்தான் வருவேன்” என்பதே அதன் உட்பொருள். உங்களுக்காகத் தனியாக மெனக்கெடவில்லை என்ற பணிவும் அதில் இருக்கிறது. ‘வில் யூ பி யூஸிங் தி ஸ்கூட்டர்?’ என்று கேட்பதிலும் அதே மென்மை உண்டு. கொடு என்று கேட்பதாக இல்லாமல், உங்கள் திட்டம் என்ன என்று விசாரிப்பதாகப் படும்.

மூன்றாவது, ‘நீ வரும்போது’. வரும் என்பது நமக்கு எதிர்காலமாகத் தோன்றுவதால் ‘வென் யூ வில் கம்’ என்று கை தானாக எழுதிவிடும். ‘வென் யூ கம், ஐ வில் பி வெயிட்டிங்’ என்பதே சரி. வில் ஒருமுறை போதும்.

இன்னொரு பயனும் உண்டு. அதில் இரண்டு மொழிகளும் அச்சாக ஒத்துப்போகின்றன. பெயர் எதிர்காலம் என்றாலும் பேசுவது இந்த நிமிடத்தைப் பற்றி. கண்ணால் பார்க்கவில்லை, ஊகம் மட்டுமே. பேக்கிங் வேலை பார்க்கும் அந்தப் பெண், வகுப்பு முடிந்து புத்தகத்தைப் பையில் வைத்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். “பையன் இந்நேரம் தூங்கிட்டிருப்பான்” என்றவர், ஒரு கணம் நின்று தானே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார்: “ஹி வில் பி ஸ்லீப்பிங் நவ்.”